இம்பிளான்ட் மேல் மாட்டும் பல்செட்டுக்குள் உலோகமா, கண்ணாடி இழையா, பீக்கா? தாடை எலும்புக்கு எது நல்லது?

வைகறை:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குக் கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டு இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் உலோக வேர்) வைத்து, அதன் மேல் கழற்றி மாட்டும் பல்செட் கொடுத்திருக்கிறார்கள். மேல்தாடைக்குச் சாதாரண முழு பல்செட். கீழ் செட்டில், இம்பிளான்ட்டுக்கு நேர் மேலே விரிசல் விட்டது. ஒட்டிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடியும் விரிசல். இனி புதிதாகச் செய்வதுதான் சரி என்கிறார்கள்.

உள்ளே ஏதாவது வைத்துப் பலப்படுத்த வேண்டும் என்பதில் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். எதை வைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. ஒருவர் கோபால்ட் குரோமியம் வார்ப்பு வேண்டும் என்கிறார். இன்னொருவர், "விறைப்பான உலோகம் வைத்தால் மெல்லும் விசை அப்படியே இம்பிளான்ட்டில் இறங்கி எலும்பு கரையும், பீக் என்ற உறுதியான பிளாஸ்டிக் போட்டால் அதிர்வை வாங்கிக்கொள்ளும்" என்கிறார். கண்ணாடி இழையே போதும் என்றும் ஒரு கருத்து.

அம்மாவின் தாடை ஏற்கெனவே மெலிந்தது. செட் உடைந்தால் வேறு செய்துகொள்ளலாம், எலும்பு போனால் என்ன செய்ய முடியும்? அதனால்தான் கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப்மேசை:

சகோதரி, நான் பல் லேபில் செட் செய்கிறவன். இம்பிளான்ட்டுக்கு நேர் மேலே விரிசல் விடுவது இந்த வகை செட்டில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. காரணம் எளிது. இம்பிளான்ட்டின் தலையைக் கவ்விப் பிடிக்கும் சிறிய உலோகக் கிண்ணம், அதாவது ஹவுசிங், செட்டுக்குள் உட்கார வேண்டும். அதற்காகக் குடைந்த இடத்தில் அக்ரிலிக், அதாவது செட்டின் பிளாஸ்டிக், மெலிந்துவிடும். மேலே பல்லை வேறு வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு மி.மீ. அக்ரிலிக்கூட மிஞ்சாத செட்டுகள் எங்கள் மேசைக்கு வருகின்றன.

போதாக்குறைக்கு, பல இடங்களில் ஹவுசிங்கை நோயாளியின் வாயிலேயே வைத்து, தானாக இறுகும் அக்ரிலிக் ஊற்றிப் பிடிக்கிறார்கள். அது லேபில் சூட்டில் வேகவைத்த அக்ரிலிக் அளவுக்கு உறுதியானதல்ல. மெலிந்த இடமும் அதுதான், பலம் குறைந்த பொருளும் அங்கேதான். விரிசல் வேறு எங்கே வரும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பியை வளைத்து உள்ளே புதைத்துவிட்டு "ரீஇன்ஃபோர்ஸ் பண்ணியாச்சு" என்று கொடுப்பது உண்டு. அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வழவழப்பான கம்பியை அக்ரிலிக் பிடித்துக்கொள்ளாது. விரிசல் அந்தக் கம்பியை ஒட்டியே தொடங்கும்.

விசையும்வளைவும்:

நான் பல் மருத்துவர் இல்லை, இயந்திரப் பொறியாளன். வீட்டில் ஒருவருக்கு இதே சிகிச்சை நடந்தபோது ஆர்வத்தில் நிறைய வாசித்தேன்.

முதலில் எது எவ்வளவு விறைப்பு என்று பார்ப்போம். எண்கள் கிகா பாஸ்கலில். பல்செட் அக்ரிலிக் 2 முதல் 3. பீக் ஏறத்தாழ 4. தாடையின் வெளிப்புறக் கெட்டி எலும்பு 13 முதல் 15, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற எலும்பு 1ஐ ஒட்டி. டைட்டானியம் 100 முதல் 110. கோபால்ட் குரோமியமும் சிர்கோனியாவும் 200ஐத் தாண்டும். கண்ணாடி இழை தனியாக 70க்கு மேல். பிசினோடு சேர்த்துக் கட்டிய பிறகு, இழை ஓடும் திசையில் மட்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

இதில் பீக்கைக் கவனியுங்கள். அக்ரிலிக் 3, பீக் 4. மெல்லிய செட்டுக்குள் இதை வைத்தால் விறைப்பு பெரிதாகக் கூடாது. பீக் எளிதில் உடையாது என்பது உண்மைதான். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் அக்ரிலிக் முன்பு வளைந்தது போலவே வளையும், முன்பு விரிந்த இடத்திலேயே விரியும்.

அடுத்தது தடிமன். ஒரு தகடு வளைவதை எதிர்க்கும் திறன் தடிமனின் மூன்றாம் படியில் ஏறும். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. லேப்மேசை சார் சொன்ன அந்த மெலிந்த இடம் ஏன் அவ்வளவு மோசம் என்பதற்கு இதுதான் கணக்கு.

விரிசல் எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பதும் முக்கியம். இம்பிளான்ட் எலும்போடு ஒட்டி நிற்பது. அழுத்தினால் சில மைக்ரான்தான் இறங்கும். ஈறு நூற்றுக்கணக்கான மைக்ரான் அமுங்கும். கடிக்கும்போது செட் ஈறுப் பக்கம் இறங்கப் பார்க்கிறது, இம்பிளான்ட் இறங்க விடாமல் நிற்கிறது. செட் அந்த இடத்தில் மேல்நோக்கிக் குவிந்து வளைகிறது, மேற்பரப்பு இழுபடுகிறது. அக்ரிலிக் அமுக்கத்தை ஓரளவு தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே வலுவூட்டும் பொருள் ஹவுசிங்குக்கு மேலே, இழுபடும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹவுசிங்குக்குப் பக்கவாட்டில் வைத்துவிட்டு மேலே வெறுமனே விட்டால் பலனில்லை.

மிருதுவாய்:

பல் மருத்துவன் என்ற முறையில் ஒரு மறுப்பு. விறைப்புதான் நல்லது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல வேண்டாம் சார். இயற்கைப் பல்லுக்கு வேரைச் சுற்றி ஒரு தசைநார் மெத்தை உண்டு, இம்பிளான்ட்டுக்கு அது கிடையாது. 1983இல் ஸ்காலாக் என்ற பொறியியலாளர், இம்பிளான்ட் மேல் வரும் பற்களை அக்ரிலிக்கில் செய்தால் திடீர் அடியைத் தணிக்கலாம் என்று எழுதினார். அந்தக் கருத்தின் தொடர்ச்சிதான் பீக். எலும்பின் விறைப்புக்கு அருகில் இருப்பதும் அதுதான். 200 கிகா பாஸ்கல் உலோகத்தை மெலிந்த தாடையின் மேல் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஈறும்எலும்பும்:

மிருதுவாய் சாரின் கவலை நியாயமானது, பலருக்கும் இருப்பது. ஆனால் வைகறை மேடத்தின் அம்மா விஷயத்தில் நான் அதை ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நான் பல் கட்டுதல் துறையில் இருப்பவள்.

இரண்டு இம்பிளான்ட் செட்டில் மெத்தை ஏற்கெனவே இருக்கிறது. பின்பக்கம் முழுக்க ஈறுதான் தாங்குகிறது. ஹவுசிங்குக்குள் ஒரு நைலான் செருகி இருக்கிறது, அதுவும் விட்டுக்கொடுக்கும். செட்டின் உடம்பும் மெத்தையாக இருக்க வேண்டிய தேவை இல்லை. அதற்கு வேறு வேலை. ஓரிடத்தில் விழும் விசையை எல்லா இடத்துக்கும் பங்கிட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. மெத்தையின் மேல் ஓர் அட்டையைப் போட்டு நடுவில் நின்றால் காலடியில் மட்டும் குழி விழும். கெட்டிப் பலகையைப் போட்டு நின்றால் மெத்தை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். பல்செட் பலகையாக இருக்க வேண்டும்.

செட் வளைந்தால் என்ன ஆகும்? கடிக்கும் இடத்துக்கு நேர் கீழே இருக்கும் ஈறும் எலும்பும் அதிகம் அமுங்கும். அந்தப் பக்கத்து இம்பிளான்ட் நேராக அமுங்காமல் சாய்க்கப்படும். நேர் அமுக்கத்தைவிட இந்தச் சாய்ப்புதான் இம்பிளான்ட்டின் கழுத்தைச் சுற்றியுள்ள எலும்புக்குக் கெடுதி. மறுபக்கத்து இம்பிளான்ட் தன் பங்கைச் சுமக்காமலே நிற்கும். ஹவுசிங்குகளின் மேலே தொடர்ச்சியாக ஓடும் விறைப்பான சட்டம் வைத்தால் இந்த வேறுபாடு குறையும். ஆய்வகத்தில் இழுவை மானி (எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று அளக்கும் கருவி) ஒட்டிப் பார்க்கும் சோதனைகள் பொதுவாகக் காட்டுவதும் இதைத்தான்.

பீக்கின் விறைப்பு எலும்புக்கு நெருக்கம் என்பதைப் பற்றி ஒரு சொல். பீக் இங்கே எலும்பைத் தொடவே இல்லை. எலும்பைத் தொடுவது டைட்டானியம் இம்பிளான்ட். அதன் விறைப்பு எலும்பைப் போல ஏழெட்டு மடங்கு. 1965இல் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு வைத்ததிலிருந்து அந்த ஏற்பாட்டில்தான் எலும்பு நிலைத்து நிற்கிறது.

பிஜிமாணவி:

ஈறும்எலும்பும் மேடம் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். "விசை கூடினால் எலும்பு கரையும்" என்பது அவ்வளவு நேர்க்கோட்டில் போகும் விஷயம் அல்ல.

ஃப்ராஸ்ட் 1987இல் முன்வைத்த கருத்துப்படி, எலும்பு தன் மேல் விழும் சுமையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. சுமை மிகக் குறைந்தால் மெலியும். நடுத்தரமாக இருந்தால் நிலைக்கும். கொஞ்சம் கூடினால் வலுவாகும். ஏறத்தாழ 3000, 4000 மைக்ரோஸ்ட்ரெயினைத் தாண்டித் தொடர்ந்து போனால், சேதம் பழுதுபார்ப்பை முந்திவிடும். ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் என்றால் நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம். இந்த எண்கள் கை கால் எலும்புகளை வைத்து வந்தவை, தாடைக்கு வழிகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சுமையே இல்லாமல் காப்பதும் காப்பு அல்ல என்பது இதிலிருந்து தெளிவு.

விலங்குச் சோதனைகளும் இரு பக்கமும் பேசுகின்றன. 1996இல் ஈசிடோர் குரங்குகளில் அளவுக்கு மீறிய பக்கவாட்டுச் சுமை கொடுத்தபோது இம்பிளான்ட்டுகள் எலும்புப் பிடிப்பை இழந்தன. 2004இல் ஹைட்ஸ்-மேஃபீல்ட் குழு நாய்களில், ஈறு ஆரோக்கியமாக இருந்த நிலையில், உயரமான கடியால் மாதக்கணக்கில் சுமை கூட்டிப் பார்த்தது. எலும்பு இழப்பு இல்லை. அழுக்கும் அழற்சியும் இருக்கும் வாயில்தான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது.

கணினி மாதிரி ஆய்வுகளை வாசிக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். "உலோகச் சட்டம் வைத்தால் எலும்பில் தகைவு (பரப்பளவுக்கு விழும் விசை) இத்தனை சதவீதம் குறைந்தது" என்று வரும். அவற்றில் பெரும்பாலானவை எலும்பை ஒரே சீரான, எல்லாத் திசையிலும் ஒரேபோல் நடக்கும் பொருளாக எடுத்துக்கொள்கின்றன. இம்பிளான்ட் நூறு சதவீதம் எலும்போடு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்கின்றன. இரண்டும் உண்மையான வாயில் கிடையாது. எந்தப் பொருள் எதைவிட மேல் என்ற திசையை அறிய அவை உதவும், இத்தனை மி.மீ. எலும்பு மிஞ்சும் என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

மிருதுவாய்:

சரி. செட் ஈறின் மேல் உட்காரும் நிலையில் விறைப்புக்கான வாதம் புரிகிறது. ஆனால் நான்கு, ஆறு இம்பிளான்ட்டில் ஸ்க்ரூ போட்டு நிரந்தரமாகப் பொருத்தும் பல்வரிசையில்? அங்கே ஈறு எதையும் தாங்குவதில்லை.

ஈறும்எலும்பும்:

அங்கே விறைப்பின் தேவை இன்னும் கூடுகிறது சார். பின்பக்கம் தாங்கல் இல்லாமல் நீளும் பகுதியில் கடிக்கும்போது, சட்டம் வளைந்தால் கடைசி இம்பிளான்ட்தான் முழு அடியையும் வாங்கும். நோயாளிகளின் வாயிலேயே அளந்து பார்த்தபோதும், முழு அக்ரிலிக் வரிசையைவிட உலோக வரிசை வளைவிசையைச் சீராகப் பங்கிட்டது. ஸ்காலாக்கின் கருத்து தர்க்கத்துக்குப் பொருந்தியது. ஆனால் அக்ரிலிக் பல் வைத்தவர்களுக்கு எலும்பு கூடுதலாக மிஞ்சியது என்று நோயாளிகளிடம் நிறுவ முடியவில்லை.

ஆனால் விறைப்பான சட்டத்துக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. அது எல்லா இம்பிளான்ட்டிலும் இழுபறி இல்லாமல் உட்கார வேண்டும். வளையாத சட்டம் சரியாகப் பொருந்தாவிட்டால், ஸ்க்ரூவை முறுக்கும்போதே இம்பிளான்ட்டுகளை ஒன்றுக்கொன்று இழுத்துப் பிடிக்கும்; சாப்பிடாத நேரத்திலும் அந்த இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். வார்த்தெடுக்கும் சட்டத்தைவிட கணினியில் வரைந்து டைட்டானியக் கட்டியில் கடைந்தெடுப்பதை நான் விரும்புவது இதனால்தான். பீக், அதன் இனத்தைச் சேர்ந்த பீகேகே போன்றவற்றுக்கு இங்கே, போதிய தடிமன் கிடைக்கும் இடத்தில், ஒரு நியாயமான வேலை உண்டு. எடை குறைவு, உலோக ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வசதி. நான் அந்தப் பொருளுக்கு எதிரி அல்ல. இரண்டு இம்பிளான்ட் செட்டின் மெலிந்த இடத்தில் அதை வைத்துவிட்டு எலும்பு காப்பாற்றப்பட்டது என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

கனகாம்பரம்:

நானும் இதே மாதிரி செட் போடுகிறேன். எனக்குக் கண்ணாடி இழை வலைதான் வைத்திருக்கிறார்கள். உடையவில்லை. எடை தெரியவில்லை, வெளியே நிறமும் தெரியவில்லை. அது தப்பா?

லேப்மேசை:

தப்பே இல்லை அம்மா. சரியாகச் செய்த இழை நன்றாகவே உழைக்கும். எங்கள் கையில்தான் இருக்கிறது. இழை முழுக்கப் பிசினில் ஊறியிருக்க வேண்டும். உலர்ந்த இழைக்கட்டு உள்ளே போனால் அது வலு தராது; காற்றுப் பையாகிவிடும், தண்ணீர் அதற்குள் இறங்கும். இழை இழுபடும் பக்கத்தில், ஹவுசிங்குக்கு மேலே, விரிசல் ஓடக்கூடிய திசைக்குக் குறுக்கே போக வேண்டும். மெருகு போடும்போது வெளியே வந்துவிடவும் கூடாது. வந்தால் ஈறையும் நாக்கையும் உறுத்தும். கார்பன் இழையும் வலுவானதுதான், ஆனால் கறுப்பு, ரோஜா நிற அக்ரிலிக் வழியே தெரியும்.

உலோகத்திலும் இதே மாதிரி வேலை நுணுக்கம் உண்டு. கோபால்ட் குரோமியத்தை அலுமினா மணலால் ஊதி, அதற்கான பிரைமர் (ஒட்டவைக்கும் பூச்சு) தடவிய பிறகுதான் அக்ரிலிக் ஏற்ற வேண்டும். விட்டுவிட்டால் இரண்டும் ஒட்டாது, நடுவில் இடைவெளி விழும், கறை இறங்கும், அங்கிருந்தே விரிசல் கிளம்பும்.

எனக்குப் பிடித்தது, ஹவுசிங்குகளை மேலிருந்து மூடிக்கொண்டு இடமும் வலமும் நீளும் ஒரே வார்ப்பு. மெல்லிய தடிமனிலேயே விறைப்புக் கிடைத்துவிடும் என்பதால் இடம் குறைந்த வாய்க்கும் ஒத்துவரும். இடம் இருக்கிறதா என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு இம்பிளான்ட்டையும் தனித்தனியாகக் கவ்வும் லொக்கேட்டர் வகைக்கு ஈறிலிருந்து பல் நுனி வரை ஏறத்தாழ 9 மி.மீ. வேண்டும், இம்பிளான்ட்டுகளை ஒரு தண்டால் இணைக்கும் பார் வகைக்கு 13, 14. அது இல்லாத வாயில் எந்தப் பொருளை வைத்தாலும் திண்டாட்டம்தான்.

வைகறை:

மிக்க நன்றி, இப்போது ஒரு தெளிவு வருகிறது. அப்படியானால் கோபால்ட் குரோமியம் போட்டுவிட்டால் எலும்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

ஈறும்எலும்பும்:

இல்லை மேடம், அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். சட்டம் விசையைப் பங்கிடும், செட்டை உடையாமல் காக்கும். எலும்பை நிர்ணயிப்பதில் பெரும் பங்கு வேறு இரண்டு விஷயங்களுக்கு.

ஒன்று, இம்பிளான்ட்டைச் சுற்றிய சுத்தம். முதல் ஆண்டில் ஒரு மி.மீ. அளவுக்கு எலும்பு இறங்குவது எதிர்பார்க்கப்படுவதுதான். 1986இல் ஆல்பிரெக்ட்சன் குழு வைத்த அளவுகோல்படி, அதன் பிறகு ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். அதைத் தாண்டிப் போகும் வாய்களில் நான் முதலில் தேடுவது அழுக்கு, இரத்தக் கசிவு, புகைப்பழக்கம், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை. அம்மா இரவில் செட்டைக் கழற்றி வைக்கட்டும். இம்பிளான்ட் தலைகளை மென்மையான பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றித் தேய்க்கட்டும்.

இரண்டாவது, பின்பக்க எலும்பு. இம்பிளான்ட் இருக்கும் முன்பகுதி ஓரளவு நிலைத்துவிடும். செட் ஈறில் அமரும் பின்பகுதி மெதுவாகத் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். பல்லில்லாத தாடைகளை 25 ஆண்டு தொடர்ந்து பார்த்த டால்கிரென், 1972இல் எழுதியதில், கீழ்த்தாடை மேல்தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்ந்திருந்தது. இம்பிளான்ட் இதை மெதுவாக்கும், முழுக்க நிறுத்தாது. தேய்ந்ததும் செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இடைவெளி விழும். அப்போது செட் இரண்டு இம்பிளான்ட்டை அச்சாக வைத்து முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம்தான் இம்பிளான்ட்டையும் சாய்க்கிறது, செட்டையும் உடைக்கிறது. அம்மாவின் செட் ஒரே இடத்தில் மறுபடி விரிந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். டாக்டர் பின்பற்களின் மேல் விரலால் அழுத்திப் பார்த்தால் ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். ஆடினால் ரிலைன் செய்ய வேண்டும், அதாவது செட்டின் ஈறுப் பக்கத்தில் புதிய அக்ரிலிக் ஏற்றித் தாடையோடு மறுபடி பொருத்த வேண்டும்.

ஆகவே ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: உலோகச் சட்டம் அக்ரிலிக்குக்குள் புதைந்திருக்க வேண்டும், ஈறைத் தொடக்கூடாது. ஈறைத் தொடும் உலோகத் தளத்தில் ரிலைன் செய்வது பெரும் தொல்லை. தாடை மாறிக்கொண்டிருக்கும், செட் அப்படியே நிற்கும்.

மேல்தாடையையும் மறக்க வேண்டாம். கீழே இம்பிளான்ட் வந்ததும் கடிவிசை நன்றாகக் கூடும். முன்பற்களில் அழுத்தமாகக் கடித்தால் மேல்தாடையின் முன்பக்க எலும்பு கரைந்து ஈறு தொளதொளப்பாகும். கீழே முன்பற்கள் மட்டும் மிஞ்சியவர்களிடம் கெல்லி 1972இல் விவரித்ததும் இதே போக்குதான். வாயை மூடும்போது பின்பற்கள் இரு பக்கமும் சேர்ந்து தொட வேண்டும். முன்பற்கள் லேசாகத் தொட்டால் போதும், தொடாவிட்டாலும் குற்றமில்லை.

மிருதுவாய்:

ரிலைன் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன் மேடம். பொருளைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாங்கள் அதைப் பேசுவதில்லை. நிக்கல் ஒவ்வாமை இருப்பவராக இருந்தால் சட்டத்தின் கலவையில் நிக்கல் இல்லை என்பதை உறுதிசெய்யச் சொல்லுங்கள், அல்லது டைட்டானியத்துக்குப் போகலாம். இதை மட்டும் சேர்க்கிறேன்.

வைகறை:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். பின்பக்கம் அழுத்தினால் முன்பக்கம் தூக்குகிறது என்கிறார். டாக்டரிடம் முதலில் இதைச் சொல்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி: புதிய செட் வரும் வரை விரிசல் விட்ட இந்த செட்டைப் பயன்படுத்தலாமா?

லேப்மேசை:

விரிசலோடு போடவே வேண்டாம் சகோதரி. அது திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்து இம்பிளான்ட் மட்டும் தனியாக அடி வாங்கும். தற்காலிகமாகப் பழுதுபார்க்கும்போது விரிசலை வெறுமனே ஒட்டாமல், இரு பக்கமும் அகலமாகக் குடைந்து, ஹவுசிங்குக்கு மேலே பிசினில் ஊறிய கண்ணாடி இழை ஒரு பட்டை வைத்து மூடச் சொல்லுங்கள். ஆட்டம் இருப்பதால் அன்றே பின்பக்கம் ரிலைனும் செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் புதிய செட் தயாராகும் வரை தாங்கும்.

புதியது வந்த பிறகும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். சட்டம் வைத்த செட் பின்னால் எப்போதாவது பழுதுக்கு லேபுக்கு வந்தால், எங்களிடம் சில நாள் இருக்கும். அந்த நாட்களில் அம்மா இதைப் போட்டுக்கொள்ளலாம்.